செவ்வாய்க்கிழமைகளில் வருகிறவர்

லெ கிராத்சியே,
ஏப்ரல் 11

அன்புள்ள எஜிதியோவுக்கு,

ஒரியானா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடிருக்கிறோம், பட்டறைப் பூனை உட்பட. அர்ஜென்டினாவில், ரொசாரியோவில், நீயும் உன் மகள் மிரெல்லாவும் பேரனும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் செய்தால் நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. முழுக்கத் தட்டச்சு. அடியில் கையெழுத்துக்கூட இல்லை. பேரனின் ஞானஸ்நானம் முடிந்ததும் கிளம்புவதாக ஜனவரியில் எழுதினாய். பிறகு பல் வைத்தியம் வந்தது. இப்போது ஈஸ்டர் கூட்டத்தில் விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்கிறாய். ஈஸ்டரும் போய்விட்டது, பார்க்கலாம்.

நம் கடிகாரக் கடை ஓடுகிறது. நீ சக்கரம் சக்கரமாகப் பூட்டித் தயாராக வைத்துவிட்டுப் போன ஆறு மெஷின்களில் ஐந்தைக் கூட்டுக்குள் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஐந்தும் இருநூறு மீட்டர் அழுத்தத் தொட்டியில் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. ஒன்றை வாங்கிய அன்கோனாவின் முக்குளிக்கும் தீயணைப்பு வீரர் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். டயலில் ஒளிரும் பூச்சு வைக்க எனக்கு இப்போது இரட்டைக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஐம்பத்தெட்டு வயதாகிறது, வேறென்ன சொல்ல. ஆறாவது மெஷின்தான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

ஜனவரியில், நீ போன மறுவாரம், ஒரு பெரியவர் வந்தார். பெயர் நுல்லோ. எழுபது வயதிருக்கும். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் தெரென்ஸோவில் வீடு. சிப்பிப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு போட்டோ வைத்திருந்தார். படகில் ஒரு பெண், இடுப்புவரை ரப்பர் உடுப்பு, ஈரத் தலை, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். மணிக்கட்டில் அறுபதுகளின் கடற்படைக் கடிகாரம், நாம் செய்வதன் தாய் என்று சொல்லலாம். “என் வீட்டுக்காரி நீவெஸ். முப்பத்தோரு வருஷம் அந்தக் கடிகாரத்தோடதான் தண்ணிக்குள்ள போனா. போன அக்டோபர்ல அது தண்ணி குடிச்சிடுச்சு. இதே மாதிரி வேணும், ஆனா தண்ணி குடிக்கக் கூடாது” என்றார்.

நமக்கு அல்வா சாப்பிடுவது போன்ற வேலை. பிப்ரவரி கடைசியில் முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு பஸ் மாறி வருகிறார். வாசலிலேயே நின்று முதலில் ஒரே கேள்வி: “இன்னும் முடிஞ்சிடலையே?” நான் அதை மரியாதை என்று நினைத்தேன், அவசரப்படுத்தவில்லை என்று காட்டுகிறார் போலும் என்று. அப்புறம் உட்கார்ந்து ஒரு மாற்றம் சொல்வார். பன்னிரண்டின் முக்கோணம் கொஞ்சம் சின்னதாக வேண்டும். அடுத்த வாரம், இல்லை, பழையபடி இருக்கட்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையம் திருப்பும்போது நூற்றிருபது சொடுக்கு வேண்டாம், அறுபது போதும். அடுத்த வாரம் நூற்றிருபதே நல்லது. ஒருநாள் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பாலாடைக்கட்டியின் காய்ந்த தோல். எண்களின் பூச்சு இந்த நிறத்தில் பழுத்திருக்க வேண்டுமாம். கலந்து கொடுத்தேன். மறுவாரம் வேறொரு துண்டோடு வந்தார். “அது இன்னும் கொஞ்சம் காஞ்சிடுச்சும்மா, நிறம் மாறிடுச்சு” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலி தருகிறார், பேரம் பேசுவதில்லை. எனக்குப் புரியாதது வேறு. போன செவ்வாய் நான் தெரியாமல், “முடிஞ்சுதுங்க, பட்டை மாட்டினா இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மருத்துவர் கெட்ட செய்தி சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. கடிகாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. பட்டைத் தையல் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தையல் என்னுடையது. நன்றாகத்தான் இருக்கிறது.

காபிக் கடை இனெஸ் அவர் என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்கிறாள். “கடிகாரம் பாக்க வர்றவர் எதுக்குடி வாரா வாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வர்றாரு?” என்று கடையே கேட்கும்படி கத்துகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்ப்பதே இல்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். பதினொன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஏதோ ஒரு வேலையை நல்லபடி முடித்த மாதிரி நிம்மதியாகப் போகிறார்.

காசு கொடுத்து ஒரு பொருளைச் செய்யச் சொல்லிவிட்டு அது முடிந்துவிடக் கூடாது என்று ஒருவர் ஏன் விரும்ப வேண்டும்? மெஷினைக் காதில் வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்கிறவன் நீ. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மிரெல்லாவுக்கு என் அன்பு.

ஒரியானா

*

லெ கிராத்சியே,
மே 17

அன்புள்ள எஜிதியோவுக்கு,

பதில் இன்னும் வரவில்லை. ஆனால் புதிர் அவிழ்ந்துவிட்டது. இப்போது அதைவிடப் பெரிய புதிர் ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று வியாழக்கிழமை. கடை திறந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு பெண்மணி கையில் துணி மூடிய பாத்திரத்தோடு வந்தார். குள்ளம், அகன்ற தோள், வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். பாத்திரத்தை என் மேசையில் வைத்து, “உள்ள பூரணம் அடைச்ச சிப்பி. சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க. நான் நீவெஸ். என் கடிகாரம் எப்ப முடிஞ்சுது?” என்று கேட்டார்.

முடிந்ததா என்று கேட்கவில்லை, எப்போது முடிந்தது என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. “பிப்ரவரி இருபத்தெட்டு” என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பூனை ஓடிப்போனது.

கதை இதுதான். அக்டோபரில் நீவெஸ் தீனோ தீவுக்கு வெளியே முப்பது மீட்டர் ஆழத்தில் இருந்தபோது பழைய கடிகாரம் நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் நேரம் கடந்து ஏறியிருக்கிறார். ரத்தத்தில் காற்றுக் குமிழி. அழுத்த அறையில் இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். வெளியே வந்ததும் நுல்லோ ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறார்: நம்பக்கூடிய புதுக் கடிகாரம் கைக்கு வரும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. நீவெஸும் சரி என்றார். மருமகன் முழுகுகிறவர்களுக்கான கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. “எதுக்கெடுத்தாலும் பீப் பீப்னு கத்துது. என்னைவிட அதுக்குத்தான் பயம் ஜாஸ்தி” என்றார் நீவெஸ்.

ஆக, கடிகாரம் முடியாதவரை மனைவி கரையில். அதற்காகத்தான் அந்த மனிதர் நாலு மாதமாகப் பாலாடைக்கட்டித் தோலைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் ஒரு கனிவு வந்தது. ஆனால் நீவெஸ் அடுத்து சொன்னதைக் கேள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் பஸ் ஏறினால் திரும்பப் பகல் ஒரு மணி. மார்ச்சிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அந்த ஐந்து மணி நேரத்தில் இந்த அம்மாள் காற்றுத் தொட்டியைக் காய்கறி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குக் கீழே பாறையிலிருந்து கடலில் இறங்குகிறார். தனியாக. கடிகாரம் இல்லாமல்.

“சத்தியம் பண்ணீங்களே” என்றேன்.

“பண்ணினேன்தான். அவர் மட்டும் என்ன, நேர்மையாவா கடிகாரம் செய்றார்?” என்றார்.

நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். லெரிச்சியிலிருந்து போர்த்தோவெனெரே போகும் பயணிகள் படகின் விசிறிச் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்குமாம். முதல் படகு போனால் இறங்குவார், அடுத்த படகுச் சத்தம் கேட்டதும் ஏறுவார். நாற்பது நிமிஷம். இரண்டரை மாதமாக ஒருநாளும் தப்பவில்லை. இந்தச் செவ்வாய் முதல் படகு போனது. பிறகு படகுக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். இரண்டாவது படகு வரவே இல்லை. இவர் பாறை இடுக்கில் ஒரு கணவாய் முட்டையிடுவதைப் பார்த்துக்கொண்டு, படகு வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். தொட்டி காலியாகி, உறிஞ்சும்போது காற்று இறுகி வந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. வேடிக்கைக் கதை மாதிரிதான் சொன்னார். ஆனால் பாத்திரத்தின் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொடுக்க மாட்டேன், உங்கள் கணவர்தான் வாடிக்கையாளர் என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் நீவெஸ் அடுத்த செவ்வாய் படகுச் சத்தத்தை நம்பித்தான் இறங்குவார். எவ்வளவு கெஞ்சியும் தனியாகப் போக மாட்டேன் என்ற வாக்குறுதி வாங்க முடியவில்லை. கடைசியில் கடிகாரத்தைத் தட்டிலிருந்து எடுத்து அவர் மணிக்கட்டில் நானே கட்டினேன். சுழல் வளையத்தை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். “உள்ள மெஷினை யார் பூட்டினது?” என்று கேட்டார். என் கூட்டாளி எஜிதியோ என்றேன். “மனுஷனுக்கு நல்ல கை” என்றார்.

கடிகாரம் இப்போது சான் தெரென்ஸோவில் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. வரும் செவ்வாய் நுல்லோ வருவார். காலித் தட்டைப் பார்ப்பார். உன் பதில் அதற்குள் வராது என்று தெரியும். இருந்தாலும் யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஒரியானா

*

லெ கிராத்சியே,
மே 23

அன்புள்ள எஜிதியோவுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நுல்லோ வழக்கம்போல் வந்தார். அன்று நிமிஷ முள்ளைக் குட்டையாக்க வேண்டும் என்பது யோசனை. கடிகாரத்தை எடுங்கள், காட்டுகிறேன் என்றார்.

“அது இங்க இல்லைங்க” என்றேன்.

“வேற யாருக்காவது வித்துட்டீங்களா?” அவர் குரலில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது, எஜிதியோ. சத்தியமாகச் சொல்கிறேன்.

“உங்க வீட்டம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்க. வியாழக்கிழமை.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காய்கறி வண்டி, படகுச் சத்தம், வேலைநிறுத்தம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“மார்ச்லேர்ந்தா?”

“ஆமாங்க.”

“அப்ப நான் அந்தப் பாலாடைக்கட்டித் தோலை எடுத்துட்டு வந்த அன்னைக்கும்?”

“அன்னைக்கும்தான்.”

“நான் இங்க உக்காந்து நிறம் பாத்துட்டு இருந்தேன்” என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஐந்து நிமிஷம். “இன்னைக்கும் செவ்வாய்தானே?” என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியுமா? கடையைப் பூட்டி, வண்டியை எடுத்தேன். கப்பற்படை மதில் ஓரம் லாரி நெரிசல், நகர்வேனா என்றது. சான் தெரென்ஸோவில் இறங்கியதும் எழுபது வயது மனிதர் படிக்கட்டில் ஓடினார். பின்னால் என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பாறையில் நீவெஸின் துணிகள் மடித்து வைத்திருந்தன. பக்கத்தில் செருப்பு. காய்கறி வண்டி காலியாக நின்றது. கடலில் காற்று. சிற்றலைகளில் மூச்சுக் குமிழி எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எஜிதியோ, பதினொரு வருஷமாக நாம் இந்தக் கடிகாரங்களைச் செய்கிறோம். இறங்கும் நிமிஷத்தைக் குறித்துவைக்கும் வளையத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறோம். அந்த வளையம் எதற்கென்று அந்தப் பாறையில்தான் எனக்குத் தெரிந்தது. என் கையில் கடிகாரம் இருந்தது, அது சரியாக ஓடியது, ஆனால் அவள் எப்போது இறங்கினாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் முன்பா, ஐம்பது நிமிஷம் முன்பா? தொடக்கம் தெரியாவிட்டால் மணி எத்தனை என்று தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. நுல்லோ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான், கடலைப் பார்த்தபடியே, அவர் அதைச் சொன்னார். “அக்டோபர்ல நடந்தது கடிகாரம் நின்னதால இல்லம்மா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன். அன்னைக்குப் படகுல மேல இருந்தது நான்தான். நேரமாச்சுன்னா ஏணியில சுத்தியலால தட்டணும், அதான் எங்க வழக்கம். வெயில் இதமா இருந்துது. தூங்கிட்டேன்.”

நான் கடலில் குமிழியைத் தேடுவதை நிறுத்தவில்லை.

“முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு நாள்” என்றார். “அதுக்கப்புறம் படகுல கால் வைக்க முடியல. அவ இறங்கலைன்னா நானும் ஏற வேண்டாம் பாருங்க.”

பன்னிரண்டு நிமிஷம் அப்படி நின்றோம். அதை மட்டும் என்னால் சொல்ல முடியும். பிறகு இடப்பக்கம், நாங்கள் பார்த்துக்கொண்டிராத இடத்தில், கறுப்பாக ஒரு தலை எழுந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மாட்டிக்கொண்டோமே என்ற பதற்றமெல்லாம் இல்லை. மணிக்கட்டைப் பார்த்து, “முப்பத்தாறு நிமிஷம். நல்லா ஓடுது” என்றாள்.

நுல்லோ செருப்போடு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கித் தொட்டியை அவள் முதுகிலிருந்து தூக்கினார். தூக்கிய கையோடு அப்படியே நின்று, “நீவெஸ், அன்னைக்கு நான் தூங்கிட்டேன்” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள். “உன் குறட்டை முப்பது மீட்டருக்குக் கீழ கேட்டுது.”

ஏழு மாதமாகத் தெரிந்தே வைத்திருந்திருக்கிறாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளா, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆசைதான், ஆனால் அந்த இடத்தில் மூன்றாம் மனுஷி கேட்கக்கூடிய கேள்வி அல்ல. அவர் தண்ணீரில் நின்று அழுதார். அவள் அவரை அழவிட்டுவிட்டு உடுப்பின் பின்பக்க ஜிப்பை இழுத்துவிடும்படி என்னைக் கூப்பிட்டாள். மதியச் சாப்பாடு சாப்பிடாமல் என்னைப் போகவிடவில்லை.

சாப்பிடும்போது நுல்லோ ஒரு புது ஆர்டர் கொடுத்தார். இன்னொரு கடிகாரம், அதே மாதிரி, அவருக்கு. இனி அவளோடு படகில் போவாராம். அவள் வளையத்தைத் திருப்பும் அதே நொடியில் மேலே அவரும் திருப்ப வேண்டும். “என்ன நிறம்?” என்று கேட்டேன். “எதையும் மாத்த வேணாம்மா. சீக்கிரம் கிடைச்சாப் போதும்” என்றார். நீவெஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

இனி உன் காரியம். ஆறாவது மெஷின் நீவெஸிடம் போய்விட்டது, வேறு பூட்டிய மெஷின் இல்லை. நீ பாதியில் நிறுத்திக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவிட்டுப் போன ஏழாவது ஒன்றுதான் இருக்கிறது. அதை நேற்று திறந்தேன். மெஷினுக்கு நாடி மாதிரியான பாலன்ஸ் சக்கரம் இல்லை. தேடினேன். உன் மேசைக்கடியில், சுவரோரம், தூசியில் கிடந்தது. அதன் பக்கத்திலேயே இன்னும் ஒன்று. அப்புறம் நாலைந்து திருகாணிகள். எல்லாவற்றையும் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றின் அச்சு வளையவில்லை, அது போதும். அவை எப்படி அங்கே போயின என்றும், உன் கடிதத்தில் ஏன் கையெழுத்துக்கூட இல்லை என்றும் நான் கேட்கப் போவதில்லை.

என் கைக்கு மெஷின் வேலை தெரியாது. ஆனால் சொன்னால் செய்யும். நீ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதை இங்கே வை, அதை மெல்ல அழுத்து என்று சொல்ல வேண்டும், திட்டவும் வேண்டும். ஓடத் தொடங்கியதும் காதில் வைத்து, சரியா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். அது எனக்கு எத்தனை வருஷமானாலும் வராது.

செய்யப்போவது யார் என்று நுல்லோ கேட்டார். என் கூட்டாளி, அர்ஜென்டினாவிலிருந்து வருகிறார் என்று சொன்னேன். எப்போது என்றார். தெரியாது என்றேன். அவர், “வர்றப்ப வரட்டும். நான் காத்துட்டு இருக்கேன்னு மட்டும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.

மிரெல்லாவும் குழந்தையும் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும். வழியெல்லாம் உனக்கு நல்ல காற்று வீசட்டும். வரும்போது காரணம் எதுவும் கொண்டுவர வேண்டாம், எஜிதியோ. நீ வந்தால் போதும்.

உன் தோழி,
ஒரியானா